மெயில் இல்லாத புதுக் கம்பியூட்டர்

புதுக் கம்பியூட்டர் வந்து இறங்கிய அன்று பாக்கியலெட்சுமி முதலில் தேடியது அந்தக் கடித உறைப் படத்தைத்தான். பழைய கம்பியூட்டரில் அது திரையின் இடது பக்கம் இருந்தது. அதை அமுக்கினால் மெயில்கள் வந்து வரிசையில் நிற்கும். புதியதில் நீலத் திரையும் ஒரு குப்பைக் கூடையும் மட்டும்தான் இருந்தன.

"சேந்தன் தம்பி, மெயில் எங்க?"

சேந்தன் மேசைக்கடியில் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பதுளையில் கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவன். பசறை, மடுல்சீமைப் பக்கம் யார் கம்பியூட்டர் வாங்கினாலும் பொருத்திக் கொடுப்பவனும் அவன்தான். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் மகன். பதுளையிலேயே பிறந்து வளர்ந்திருந்தும் வீட்டுப் பேச்சு அவனை விடவில்லை.

"புது விண்டோஸிலை அது இல்லை அக்கா," என்றான், தலையை வெளியே எடுக்காமலே.

"இல்லைன்னா?"

"மெயில் புரோகிராம் வைச்சு அனுப்பேல்லை. நாங்கள்தான் ஒண்டை எடுத்துப் போடவேணும். காசில்லை, சும்மா கிடைக்கும். எக்கச்சக்கமா இருக்கு."

"எக்கச்சக்கம் எனக்கு எதுக்கு? ஒன்னு போதும்."

"அதுதான் பிரச்சினை அக்கா. எந்த ஒண்டு எண்டு முடிவெடுக்கவேணும்."

செருப்புக் கடைக்காரன் செருப்பை விற்றுவிட்டு வாரை வேறு கடையில் பார்க்கச் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு. பழைய கம்பியூட்டர் மழைக்காலத்து இடியில் ஒரு தடவை புகைந்து, அதற்குப் பிறகு நினைத்தால் வேலை செய்து நினைத்தால் படுத்துக்கொண்டு, கடைசியில் எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டது. புதிது வாங்காமல் வழியில்லை. வாங்கிய பிறகு கடையின் பாதி வேலை நின்றுபோகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

லெட்சுமி கொமியூனிகேஷன் பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. டெலிபோன், போட்டோ கொப்பி, பெக்ஸ், மெயில். மெயிலுக்குத்தான் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். பிள்ளைகள் குவைத்தில், லெபனானில், ஜோர்தானில். அவர்கள் கடை முகவரிக்கு மெயில் போடுவார்கள். இவள் வாசித்துக் காட்டுவாள், சொல்லுகிற பதிலைத் தட்டி அனுப்புவாள். கடைக்கு இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். இண்டர்நெட்டும் அதே லைனில், நிமிடக் கணக்கில். அதனால்தான் அவளுக்குக் கம்பியூட்டருக்குள்ளேயே ஒரு மெயில் புரோகிராம் வேண்டியிருந்தது. லைனைப் போட்டு, வந்திருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, உடனே அறுத்துவிடலாம். பிறகு ஒரு தாய் தன் மகளுடைய மெயிலை எத்தனை தடவை திரும்ப வாசிக்கச் சொன்னாலும் செலவில்லை.

பக்கத்துப் புடவைக்கடை மொஹிதீன் நானா எட்டிப் பார்த்தார். "ஜிமெயில்ல பாருங்களேன் லெச்சுமி. என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?"

"நானா, ஒரு பக்கம் தொறக்கிறதுக்குள்ள என் கடையே மூடிரும்," என்றாள் பாக்கியலெட்சுமி.

புதன்கிழமை சேந்தன் பதுளையிலிருந்து ஒரு சிடியோடு வந்தான். இப்போது எல்லோரும் விரும்பிப் போடுவது இதுதான் என்றான். போட்டான். திரையில் பூ விழுந்தது, நட்சத்திரம் சுற்றியது, ஓரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி பல்லைக் காட்டிக்கொண்டு எதையோ வாங்கச் சொன்னாள். பழைய மெயில்களைக் கொண்டுவர முடியாது, அந்த டிஸ்க் செத்துவிட்டது என்றான். சரி, புதியது வந்தால் போதும் என்றாள்.

"இப்ப பாருங்கோ," என்று லைனைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினான்.

ஒரு மண்ணிற நாய் வாயில் கடித உறையைக் கவ்விக்கொண்டு திரைக்குக் குறுக்கே ஓடிவந்து உட்கார்ந்து குரைத்தது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது. கொப்பி எடுக்க நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டினார்கள். வாங்குப் பலகையில் இருந்த ஒரு பெரியவர் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"என்னாது இது?"

"மெயில் வந்தா நாய் கொண்டுவந்து தரும். வேணுமெண்டா பூனையும் வைக்கலாம்."

"தம்பி, இங்க சாவு சேதியும் வரும். அத நாய் கொரைச்சிக்கிட்டு வந்து குடுக்குமா? ஆத்தா செத்துப்போச்சுன்னு வந்தவன் முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிறது?"

"சத்தத்தை நிப்பாட்டலாம் அக்கா, செட்டிங்ஸிலை போய்..."

அதற்குள் நாய் மறுபடியும் ஓடிவந்து குரைத்தது. பிள்ளைகள் மறுபடியும் கை தட்டினார்கள்.

"கழட்டு," என்றாள்.

"ஒருக்கா வந்ததைப் பாத்திட்டு..."

"இப்பவே கழட்டு!"

கழற்றினான். நாய், பூ, வெள்ளைக்காரி எல்லாம் போயின.

அடுத்த நாள் வேறொன்று. இதற்கு நாய் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான் சேந்தன். நாய் இல்லைதான். ஆனால் உள்ளே போக விடுவதற்கு முன் அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. பெயர், பிறந்த தேதி, பாஸ்வேர்ட், அதே பாஸ்வேர்ட் இன்னொரு தடவை. அது போதாது, எண்ணும் சேர்க்க வேண்டும் என்றது. பிறகு, பாஸ்வேர்ட் மறந்துபோனால் கேட்பதற்காக என்று ஒரு கேள்வி. சேந்தன் கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தான்.

"உங்கட முதல் வளர்ப்புப் பிராணியின்ர பேர் என்ன?"

பாக்கியலெட்சுமி அவனையே பார்த்தாள். "நாய விடவே மாட்டானுங்களா?"

ஒருவழியாக அது திறந்தபோது உள்ளே எதுவும் இல்லை. சுத்தமாகத் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் வீரய்யா வந்தார்.

வீரய்யா மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர். மனைவி இல்லை. ஒரே மகள் விதுஷா. படித்த பிள்ளை என்று, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு ஒரு வேலைக்கு ஆள் பிடித்து, தோட்டத்துத் துரை வரைக்கும் போய்ப் பேசி வைத்திருந்தார். அவள் அவரிடம் சொல்லாமலே ஏஜென்சியில் பதிந்து ஜோர்தானில் ஒரு தையல் ஃபெக்டரிக்குப் போய்விட்டாள். அவள் போன அன்று அவர் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அவள் மெயில் போட ஆரம்பித்தாள். லயத்தில் டெலிபோன் சிக்னல் எட்டாது. அதனால் பசறைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். வாசிப்பதைத் தலையைக் குனிந்து கேட்பார். பதில் என்ன போட என்று கேட்டால், "நல்லா இருக்கேன்னு போடுங்க," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியாது.

அன்று பிரஷர் மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்றார்.

"புள்ளகிட்ட இருந்து ஏதும்..."

"ஒன்னும் வரலண்ணே," என்றாள், வெறும் திரையைக் காட்டி.

"போன தடவ, வர்றத பத்தி எழுதுறேன்னுச்சு."

"எழுதும். வந்தா ஆள் மூலமா சொல்லி அனுப்புறேன்."

"அங்க வேலை கூடுதலா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூட அதிபர் தமிழில் அனுப்பிய ஒரு மெயிலை அடித்தெடுத்தபோது தாள் முழுக்கக் கேள்விக்குறியாக வந்தது.

"இது தமிழை விளங்குதில்லை போல," என்றான் சேந்தன்.

"கேள்வி கேக்க வேண்டியவ நான். இது என்னைய கேக்குது."

"நாளைக்கு தண்டர்பேர்ட் எண்டு ஒண்டு இறக்குவம் அக்கா. இப்பதான் புதுப் பதிப்பு வந்திருக்கு. நான் முதலே அதைத்தான் சொல்ல இருந்தனான்."

"பின்ன ஏன் சொல்லல?"



வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சேந்தன் முதல் பஸ்ஸில் வந்து லைனைப் போட்டு இறக்க ஆரம்பித்தான். முக்கால்வாசி இறங்கியதும் லைன் அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அறுந்தது. டெலிபோன் எடுக்க வந்தவர்களையெல்லாம் பாக்கியலெட்சுமி சந்தியில் இருக்கிற மற்றக் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கடைக்காரன் இவளுடைய எதிரி.

"இன்னும் எவ்வளவு?"

"கொஞ்சம்தான் அக்கா."

"காலையில இருந்து இந்தக் கொஞ்சத்தத்தான் சொல்ற."

மத்தியானம் தாண்டித்தான் அது இறங்கி முடிந்தது. அதைப் போட்டு முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. நாளைக்கு வருகிறேன் என்று சேந்தன் குடையை விரித்துக்கொண்டு ஓடினான். கரண்ட் இருந்திருந்தாலும் ஓடியிருப்பான்.

சனிக்கிழமை காலையில் அவன் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பெண் கடைக்குள் ஏறினாள். தலை கலைந்து, கண் சிவந்து, ஜீன்ஸின் கீழ்ப்பக்கமெல்லாம் சேறு. பாக்கியலெட்சுமிக்கு அவளை அடையாளம் காண ஒரு கணம் எடுத்தது.

"விதுஷா! அடியே, எப்ப வந்த?"

விதுஷா பெட்டியை விட்டுவிட்டு நின்றாள். சிரிக்கவில்லை.

"அப்பா வரமாட்டேன்னுட்டாரா அத்தை?"

"என்னாது வரமாட்டேன்னு? நீ வர்றதே யாருக்கும் தெரியாதே!"

"மெயில் போட்டேனே. வெள்ளிக்கிழமை விடியக்காலையில எறங்குறேன், அப்பாவ வேன் புடிச்சி கட்டுநாயக்காவுக்கு வரச் சொல்லுங்கன்னு."

"வரலியேம்மா. மெயிலே வரல."

"போனும் அடிச்சேன். ஏர்போட்ல இருந்து எத்தன வாட்டி! ஒவ்வொரு வாட்டியும் எங்கேஜ். ரிசீவர எடுத்து வச்சிட்டீங்க."

பாக்கியலெட்சுமி திரும்பி சேந்தனைப் பார்த்தாள். சேந்தன் கீபோர்டைப் பார்த்தான்.

"இந்தா இருக்காரே, இவரு லைன்ல உக்காந்துகிட்டு புரோகிராம் எறக்கிக்கிட்டு இருந்தாரு," என்றாள்.

விதுஷா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மத்தியானம் வரை ஏர்போட் வாசலில் நின்றிருக்கிறாள். கூட வந்த பெண்களையெல்லாம் வீட்டார் கட்டிப்பிடித்துக் கூட்டிப் போய்விட்டார்கள். பிறகு கொழும்புக்கு பஸ் ஏறினால், வழியில் ஆமி செக்பொயிண்டில் இறக்கி, பெட்டியைத் திறந்து கொட்டி, எங்கே போகிறாய், யார் கூட்டிப் போக வந்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் இல்லை என்று சொன்னதும் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். இருட்டுகிற நேரத்துக்குத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு பதுளை பஸ்.

"யாரு வந்திருக்கான்னு அவன் கேக்குறான், நான் என்னன்னு சொல்றது அத்தை? சொந்த அப்பாவே வரலன்னா?" பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "லயத்துக்குப் போறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. அப்பா என்னா சொன்னாருன்னு ஒங்கள கேட்டுட்டுப் போவோம்னுதான் இங்க எறங்குனேன். வராதன்னு சொல்லியிருந்தா சொல்லுங்க. அட்டனுல கூட்டாளி வீடு இருக்கு, அங்க போயிருவேன்."

"அவரு ஒன்னும் சொல்லல! வியாழக்கிழமை வந்து ஒன்னையத்தான் கேட்டாரு. மெயில் வரலன்னு அனுப்பிட்டேன்."

"அவருக்காக நீங்க பொய் சொல்ல வேணாம் அத்தை. மெயில் போச்சு. நான் பாத்தேன். திரும்பி வரல."

இந்தக் கடையை நடத்திய காலத்தில் பாக்கியலெட்சுமியை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. அதுவும் பொய் சொல்லாதபோது. அவளுக்கு உடம்பு முழுக்கக் கோபம் ஏறியது. அந்தக் கோபத்தை அந்தப் பிள்ளை மேல் காட்டவும் முடியவில்லை.

"தம்பி! இந்தப் புள்ள மெயில தேடிக் குடு."

சேந்தன் அப்போதுதான் போட்டு முடித்திருந்த தண்டர்பேர்டில் பார்த்தான். இல்லை. இரண்டாவதைத் திறந்து பார்த்தான். அதிபருடைய கேள்விக்குறிகளைத் தவிர அதிலும் இல்லை. லைனைப் போட்டு, மெயில் முதலில் வந்து நிற்கும் வெளிச் சேவரில் பார்த்தான். அங்கேயும் இல்லை.

"மெயில எடுத்துக் குடுக்கிறதுக்குத்தானே மெயில் புரோகிராம்? மூனு போட்டியே! மூனும் சேந்து ஒரு மெயில குடுக்க மாட்டேங்குதே! ஒன்னு கொரைக்குது, ஒன்னு வெசாரிக்குது, ஒன்னு எறங்கவே மாட்டேங்குது. நான் ஒன்கிட்ட கேட்டது என்ன, ராக்கெட்டா?"

கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இருந்த சேந்தன் மெதுவாக நிமிர்ந்தான். விதுஷாவைப் பார்த்து, "நீங்கள் மெயில் எப்ப போட்டனீங்கள்?" என்று கேட்டான்.

"புதன்கிழம. இங்க காலை நேரமா இருக்கும்."

"அக்கா, புதன்கிழமை அந்த நாய் ரெண்டாந்தரமும் ஓடி வந்ததெல்லோ?"

"அதுக்கு?"

"சும்மா ஓடியிராது. மெயில் வந்தாத்தான் ஓடும்." திரையைக் காட்டினான். "எந்தப் புரோகிராம் மெயிலை எடுக்குதோ அது தனக்குள்ளை வைச்சுக்கொள்ளும். சேவரிலை பிரதி இராது. பிறகு வந்த ரெண்டுக்கும் அது தெரியவே தெரியாது. நாங்கள் பாக்காமலே கழட்டிப் போட்டம்."

"நாங்களா?"

"நான்தான் கழட்டினனான்," என்றான். நீங்கள்தான் கழற்றச் சொன்னீர்கள் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அது பாக்கியலெட்சுமிக்கே தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது, இந்த முறை போக இடமில்லாமல்.

"அப்ப மெயில் போயிருச்சா?"

"புரோகிராமைக் கழட்டினாலும் அதின்ர போல்டர் டிஸ்கிலை கிடக்கும். கிடக்கவேணும். ஆனா அதைத் திறக்கிறதெண்டா..." தயங்கினான். "அந்த நாயைத் திரும்பப் போடவேணும்."

"போடு," என்றாள் பாக்கியலெட்சுமி. "அந்த நாயையே போடு."

பூ விழுந்தது. நட்சத்திரம் சுற்றியது. வெள்ளைக்காரி பழையபடி பல்லைக் காட்டினாள். மொஹிதீன் நானாவும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். சேந்தன் எதையோ எங்கேயோ மாற்றி, ஒரு போல்டரைக் காட்டி, ஒரு பொத்தானை அமுக்கினான். வெறுமையாக இருந்த பட்டியலில் இரண்டு வரி வந்து நின்றது. முதலாவது, புரோகிராமை அனுபவிக்கச் சொல்லி அதன் முதலாளிகளே அனுப்பியது. இரண்டாவது விதுஷாவுடையது. தடித்த கறுப்பு எழுத்தில் இருந்தது.

பாக்கியலெட்சுமி மௌஸை எடுக்கப் போனாள்.

"தொறக்காதீங்க அத்தை," என்றாள் விதுஷா.

அவள் திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஜோர்தானில் ஹொஸ்டலுக்குப் பக்கத்து நெட் கடையில் அவளும் எத்தனையோ தடவை மெயில் பார்த்தவள். தடித்த எழுத்து என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாருமே தொறக்கல," என்றாள்.

"அததானே நானும் காலையில இருந்து கத்துறேன்."

விதுஷா தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பாக்கியலெட்சுமி அவளை அழவிட்டாள். அழுது முடித்ததும் மெயிலைத் திறந்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். வழக்கமாக வீரய்யாவுக்கு வாசிப்பதுபோல் சத்தமாகவே வாசித்தாள். வரும் நாள், பிளைட் நேரம், பெட்டி கனம் என்று இருந்துவிட்டு, கடைசியில் ஒரு வரி இருந்தது. அப்பாவுக்குக் கோபம் இருந்தால் ஏர்போட்டில் வைத்தே ஏசட்டும், லயத்தில் எல்லார் முன்னாடியும் ஏச வேணாம் என்று சொல்லுங்கள்.

மொஹிதீன் நானா வேன் சாவியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப எதை வைக்கிறது அக்கா?" என்று கேட்டான் சேந்தன். இப்போது அவன் குரலில் அவசரம் இல்லை.

"எது முழுங்காம இருக்கும்?"

தண்டர்பேர்டில் ஒரு கட்டத்தைக் காட்டினான். அதில் சரி போட்டிருந்தால், மெயிலை எடுத்த பிறகும் சேவரில் ஒரு பிரதி இருக்கும். நாளைக்கு இந்தக் கம்பியூட்டரும் இடியில் போனாலும் மெயில் போகாது. அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அவனையே கடைக்கு ஒரு மெயில் போடச் சொல்லி, தண்டர்பேர்டில் எடுத்து, மறுபடியும் கேள்விக்குறிக்காரனிலும் எடுக்கச் சொன்னாள். இரண்டிலும் வந்தது. தண்டர்பேர்டில் தமிழும் தமிழாக இருந்தது.

"இதே இருக்கட்டும்."

"இதைவிட லேசான ஒண்டு இருக்கு அக்கா, அதிலை..."

"தம்பி."

சேந்தன் சிடிகளைப் பைக்குள் போட்டான்.

மழை விட்டிருந்தாலும் மடுல்சீமைப் பாதை மழைக்கு முந்தியும் பிந்தியும் ஒரே மாதிரிதான். மொஹிதீன் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தடவை தன் வேனுக்காக வருத்தப்பட்டார். பாக்கியலெட்சுமி கடையைச் சேந்தனிடம் விட்டுவிட்டுக் கூடவே போனாள். வழியில் விதுஷா, அப்பா என்ன சொல்லுவார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நல்லா இருக்கேன்னு சொல்லுவாரு, வேற என்னா சொல்லத் தெரியும் அந்த மனுசனுக்கு என்றாள் பாக்கியலெட்சுமி.

வேன் போகக்கூடிய இடம் முடிந்ததும் இறங்கினார்கள். லயத்துக்குக் கல்படியில் ஏற வேண்டும். பெட்டியின் சக்கரம் முதல் கல்லிலேயே சிக்கிக்கொண்டது. மேலே தண்ணீர் விழும் பீலியடியில் கை கழுவிக்கொண்டிருந்த வீரய்யா சத்தம் கேட்டுத் திரும்பினார். பார்த்தார். தண்ணீர் அது பாட்டுக்கு அவர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?" என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"சொன்னேன்பா!" விதுஷா கத்தினாள். "மெயில் போட்டு சொன்னேன். போன் அடிச்சி சொன்னேன். ஏர்போட்டு வாசல்ல ஒரு பகல் முழுக்க நின்னு சொன்னேன்! ஒருத்தருக்கும் கேக்கல!"

பக்கத்துக் காம்பராக்களின் கதவுகள் திறந்தன. வீரய்யா பாக்கியலெட்சுமியைப் பார்த்தார்.

"மெயில் வந்துச்சுண்ணே. நாங்கதான் பாக்கல," என்றாள் அவள். நாயைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப வியாழக்கிழம நான் வந்தப்ப..."

"அப்பவும் இருந்துச்சு."

வீரய்யா ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். மகளைத் தொடவில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இந்தப் பாதையில தள்ளிக்கிட்டுப் போற பெட்டியா இது? யாரு வாங்கச் சொன்னது?"

"அங்க எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

"எல்லாரும் வாங்குவாங்க. எல்லார் வீட்டுக்கும் ரோடு இருக்கும்."

சொல்லிக்கொண்டே குனிந்து பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பாரத்தில் கழுத்து உள்ளே போனது. பிரஷர் உள்ள மனுசன், இறக்குங்கள் என்று பாக்கியலெட்சுமி சத்தம் போட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு படி ஏறியவர் நின்று, தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பினார்.

"தனியா வந்தியே, செக்பொயிண்டுல ஏதும் பண்ணுனானுங்களா?" என்று மகளைக் கேட்டார்.

"இல்லப்பா."

"ம்," என்றார். "வா. சோறு வடிக்கணும்."